கரண்டு வைத்தலும் ஹார்மோன் மாத்திரையும்: மார்பகப் புற்றுநோய் எழுத்துகளை முன்வைத்துச் சில விவாதக் குறிப்புகள்

1

மார்பகப் புற்றுநோய் பற்றி எழுதப்படுகிறவை பெரும்பாலும் கத்தியைச் சுற்றியே நிற்கின்றன. கட்டி கைக்குத் தட்டுப்படும் கணம், அறுவைக்கு முந்தைய இரவு, கட்டுப் பிரித்துக் கண்ணாடி முன் நிற்கும் காலை: இம்மூன்றும்தான் கதையாடலின் உச்சங்கள். அதற்குப் பிறகு வருகிற கதிர்வீச்சும், வருடக்கணக்கில் விழுங்க வேண்டிய ஹார்மோன் மாத்திரையும் ‘பிறகு சிகிச்சை எடுத்துக்கொண்டார்’ என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் போய்விடுகின்றன.

நோயாளியின் நாட்காட்டி அப்படி இல்லை. அறுவை ஒரு நாள் சமாச்சாரம். கதிர்வீச்சு, வாரத்துக்கு அய்ந்து நாள் வீதம் அய்ந்து வாரம், மொத்தம் 25 முறை என்பது நெடுங்காலம் வழக்கத்திலிருந்த கணக்கு. இன்று பல இடங்களில் அது 15 முறையாகக் குறைந்திருக்கிறது. ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டி என்றால் மாத்திரை அய்ந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். அதாவது நோயோடு வாழ்தல் என்பதன் பெரும்பகுதி நிகழ்ச்சி ஏதும் இல்லாத காலம். நிகழ்ச்சி இல்லாத காலத்தை என்ன செய்வதென்று நம் இலக்கியத்துக்குத் தெரியவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கண்ணகி நினைவுக்கு வருவாள். இடமுலையைத் திருகி மதுரையின் மீது எறிந்தாள், ஊர் எரிந்தது. மகன் புறமுதுகிட்டது உண்மையென்றால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்தில் பிணம் தேடிய புறநானூற்றுத் தாயும் உடன் வருவாள். இரண்டிலும் முலை ஒரே கணத்தில் குறியாக மாறிவிடுகிறது. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது எழுந்த கூச்சல் அந்தச் சொல்லைப் பெண் தன் வாயால் சொல்லலாமா என்பது பற்றியது. அதன் பின்னர் உடல்மொழி, உடலரசியல் என்று நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சில் முலை காமமாக, தாய்மையாக, கற்பாக, சினமாக வந்த அளவுக்கு, நோய் வந்தால் கதிருக்குக் காட்ட வேண்டிய ஓர் உறுப்பாக வந்ததா?

இதெல்லாம் மருத்துவர் பாடு, இலக்கிய விமர்சகனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அந்த 25 நாட்களிலும் அய்ந்து வருடங்களிலும்தான் அரசு, நிறுவனம், அறிவியல், மொழி எல்லாம் ஒரு பெண்ணின் உடம்பை அன்றாடம் சந்திக்கின்றன. அதிகாரம் பற்றிப் பேசுகிற நாம் அந்த இடத்தைக் காலியாக விட்டுவைக்க முடியாது.

2

ரேச்சல் கார்சனை நம் சூழலில் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய ‘மௌன வசந்தம்’ 1962 ஜூனில் ‘நியூயார்க்கர்’ இதழில் தொடராகத் தொடங்கி, செப்டம்பரில் நூலாக வந்தது. பூச்சிமருந்துகளுக்கு எதிரான பிரதியாக அதை மேற்கோள் காட்டுகிறோம். ஒரு நோயாளி எழுதிய பிரதியாக அதை நம்மில் யாரும் வாசிப்பதில்லை.

1960 ஏப்ரலில் கார்சனுக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. இது புற்றுநோயா என்று நேரடியாகவே கேட்டும், அறுவை மருத்துவர் உண்மையைச் சொல்லவில்லை. பெண் நோயாளியிடம் இப்படி மறைப்பது அக்காலத்து அமெரிக்காவில் வழக்கம்தான். (“பேஷண்டுகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க” என்று துணைக்கு வந்தவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசும் வழக்கம் நமக்கும் புதிதல்ல.) அந்த ஆண்டின் இறுதியில் நோய் பரவியிருப்பது தெரிந்து, கிளீவ்லண்டிலிருந்த ஜார்ஜ் கிரைல் என்னும் மருத்துவரிடம் போன பிறகே அவருக்கு உள்ளபடி சொல்லப்பட்டது. அப்புறம் கதிர்வீச்சு தொடங்கியது. ‘மௌன வசந்த’த்தின் கணிசமான பகுதி அந்த நாட்களில் எழுதப்பட்டது.

இப்போது நூலைத் திறந்து பாருங்கள். தொடக்கத்திலேயே ரசாயனங்களைக் கதிர்வீச்சின் அருகில் நிறுத்துகிறார் கார்சன். அணுகுண்டுச் சோதனைகளில் வெளிப்பட்ட ஸ்ட்ரான்ஷியம் 90 மண்ணில் இறங்கி, புல்லில் ஏறி, எலும்பில் தங்குவதைச் சொல்லிவிட்டு, பூச்சிமருந்தும் இதே வழியில் போகிறது என்கிறார். பின்னால் ‘நான்கில் ஒருவருக்கு’ என்ற அத்தியாயம் வருகிறது. கல்லீரல்தான் ஈஸ்ட்ரோஜனைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது, குளோரின் சேர்ந்த பூச்சிமருந்துகள் கல்லீரலைச் சிதைத்தால் ஈஸ்ட்ரோஜன் மிகும், அது புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம் என்று அதில் வாதிடுகிறார். கதிர்வீச்சும் ஹார்மோனும் நூலுக்குள் இருக்கின்றன. எழுதுகிறவரின் மார்பு மட்டும் இல்லை.

இந்த மௌனம் கவனமாகக் கட்டப்பட்டது. நோயைப் பற்றி வெளியில் பேசக் கூடாது என்று நெருங்கியவர்களிடம் கேட்டுக்கொண்டார். 1963 ஜூனில் செனட் துணைக்குழுவின் முன் பூச்சிமருந்து பற்றிச் சாட்சி சொன்னபோதும் தன் உடம்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. காரணம் எளிதில் விளங்கக்கூடியது. கல்யாணம் ஆகாதவள், உணர்ச்சிவசப்பட்டவள் என்று ஏற்கெனவே ஏசிக்கொண்டிருந்த ரசாயனத் தொழில்துறைக்கு, ‘தனக்குப் புற்றுநோய் வந்த ஆத்திரத்தில் எழுதுகிறாள்’ என்ற வாதம் கிடைத்திருந்தால் போதும், நூல் முடிந்திருக்கும். அறிவியல் சொல்லாடலுக்குள் பேச, ஒரு பெண் தன் உடம்பைப் பிரதிக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. 1964 பிப்ரவரியில், கதிர்வீச்சால் கடும் இரத்தசோகை ஏற்பட்டிருப்பது கண்டறியப்பட்டது. ஏப்ரல் 14 அன்று, 56ஆம் வயதில் இறந்தார். டோரதி ஃப்ரீமனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1995இலும், கிரைலோடு நடந்த கடிதப் போக்குவரத்து எலன் லியோபோல்டின் நூல் வழியாக 1999இலும் அச்சில் வந்த பிறகே இந்தச் சித்திரம் பொதுவாசகர் கைக்கு முழுமையாகக் கிடைத்தது.

கதிர்வீச்சை உலகின் விஷம் என்று எழுதிக்கொண்டே கதிர்வீச்சுக்குத் தன் மார்பைக் காட்டினாரே, இது முரண் அல்லவா? நம் தோழர்கள் சட்டென்று கேட்கக்கூடிய கேள்வி. கார்சனின் நூலிலேயே பதில் இருக்கிறது. ரசாயனத்தை எக்காலத்திலும் தொடக் கூடாது என்று அவர் எழுதவில்லை. மக்களின் சம்மதம் இல்லாமல், பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாமலேயே, விளைவு அறியாதவர்கள் கையில் கொடுத்துக் கண்மூடித்தனமாகத் தெளிக்கிறார்கள் என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. யார் சம்மதித்தது, எவ்வளவு, யாருக்குத் தெரியும்: இந்த மூன்று கேள்விகள்தான் அவருடைய அரசியல்.

இந்த மூன்றை வைத்துக்கொண்டு பார்த்தால் ‘கதிர்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கும் இரண்டு அரசியலும் பிரிந்து தெரியும். 2011இல் இடிந்தகரைக் கடற்கரையில் உட்கார்ந்தவர்கள் எதிர்த்தது தங்களைக் கேட்காமல் தங்கள் தலையில் வைக்கப்பட்ட ஓர் ஆபத்தை. சிகிச்சை மேசையில் படுத்திருப்பவள் ஏற்றுக்கொள்வது அளந்து, இடம் குறித்து, கையெழுத்து வாங்கித் தரப்படும் ஒன்றை. குறைந்தபட்சம் அப்படித் தரப்பட வேண்டிய ஒன்றை. இதே அளவுகோலால்தான் 1960இல் கார்சனின் மருத்துவர் செய்ததையும் அளக்க வேண்டும். வயல்களுக்கு நடந்தது அவருக்கும் நடந்தது: அவருக்குத் தெரியாமல் அவர் உடம்பைப் பற்றிய முடிவு வேறொருவர் கையில் இருந்தது.

3

உடம்பை வெளியே விட்டுவிட்டு எழுதியவர் கார்சன் மட்டுமல்ல. சூசன் சொன்டாக் 1975இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார். 1978இல் ‘நோய் ஓர் உருவகமாக’ என்ற அவருடைய நூல் வந்தது. புற்றுநோயைப் போர் என்றும் எதிரி என்றும் பேசும் மொழி நோயாளியின் மீது எப்படிக் குற்றவுணர்வைச் சுமத்துகிறது என்று அக்கக்காகப் பிரித்துக் காட்டிய நூல். அதில் தனக்கு நோய் வந்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. இன்னொரு சொந்தக் கதையைவிட ஒரு கருத்து பயன்படும் என்று கருதியதாகப் பின்னால் எய்ட்ஸ் பற்றிய நூலில் விளக்கினார். கருத்து பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனாலும் ‘புற்றுநோயை வென்ற வீராங்கனை’ என்று நம் பத்திரிகைகள் இன்றுவரை தலைப்பு வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மாத்திரை நான்காம் வருடத்தில் இருக்கிறவள் வென்றவளா தோற்றவளா என்று அந்தத் தலைப்புக்குத் தெரியாது.

உடம்பைப் பிரதிக்குள் கொண்டுவந்தவர் ஆட்ரி லார்ட். கறுப்பினப் பெண், கவிஞர், லெஸ்பியன். 1978இல் ஒரு மார்பு அகற்றப்பட்டது. ‘புற்றுநோய் நாட்குறிப்புகள்’ 1980இல் வந்தது. செயற்கை மார்பு வைத்துக்கொள்ள மறுத்தார். நீங்கள் இப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மனதிடம் கெடும் என்று மருத்துவமனைத் தாதி ஒருவர் அவரிடம் சொன்னதைப் பதிவு செய்கிறார். இஸ்ரேலியத் தளபதி மோஷே தயான் ஒற்றைக் கண்ணை மறைத்துப் பட்டை கட்டியிருக்கிறார், அவரிடம் போய்க் கண்ணாடிக் கண் வைத்துக்கொள், பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று யாராவது சொல்கிறார்களா என்று கேட்கிறார். ஆணின் இழப்பு வீரத்தழும்பு, பெண்ணின் இழப்பு மூடி மறைக்க வேண்டிய குறை.

லார்டை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். நான் கவனப்படுத்த விரும்புவது 1982இல் வந்த அவருடைய ‘ஸாமி’. 1950களின் தொடக்கத்தில், இளம் வயதில், கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததை அதில் எழுதுகிறார். குவார்ட்ஸ் படிகங்களைக் கார்பன் டெட்ராகுளோரைடில் கழுவ வேண்டும், எக்ஸ்ரே எந்திரத்தில் வைத்துத் தரம் பிரிக்க வேண்டும். வேலை பார்த்தவர்கள் கறுப்பினப் பெண்களும் போர்ட்டோரிக்கோப் பெண்களும். எண்ணிக்கை கூடினால்தான் ஊக்கத்தொகை என்பதால், பாதுகாப்பு மூடியைப் போட்டு எடுக்கும் நேரத்தை மிச்சம் பிடித்தார்கள். அந்தத் திரவம் கல்லீரலைக் கெடுக்கும் என்றோ, மறைப்பு இல்லாத எந்திரம் எவ்வளவு கதிரைத் தரும் என்றோ யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அந்த வேலையால்தான் அவருக்கு நோய் வந்தது என்று நிறுவ முடியாது. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. அங்கே அளவு இருந்தது, அளந்து சொல்ல ஆள் இல்லை. கூலி இருந்தது, தகவல் இல்லை. கார்சனின் மூன்று கேள்விகளையும் வயலிலிருந்து தொழிற்சாலைக்குள் கொண்டுபோகிற பக்கங்கள் இவை. சிகிச்சையின் கதையை நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து தொடங்கினால் இந்தப் பக்கங்கள் கதைக்கு வெளியே போய்விடும்.

4

இனி மாத்திரை. ஹார்மோனுக்கும் மார்பகப் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதை 1896இலேயே கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன் சினைப்பைகளை அகற்றிக் காட்டியிருந்தார். கத்தி செய்ததை மாத்திரை செய்ய இன்னும் 66 வருடம் ஆயிற்று. 1962இல், பிரிட்டனின் அய்.சி.அய். நிறுவனத்தின் ஆய்வகத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் டாமாக்சிஃபெனை உருவாக்கினார். தேடியது கருத்தடை மருந்து. எலிகளிடம் வேலை செய்தது, பெண்களிடம் நேர்மாறாகக் கருமுட்டையைத் தூண்டியது. 1970களில்தான் அது புற்றுநோய் மருந்தாக நிலைபெற்றது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1977இல்.

அதே 1962இல், அதே அய்.சி.அய். சந்தைக்குக் கொண்டுவந்த இன்னொரு சரக்கு பாராகுவாட். நம் வயல்காட்டு மொழியில் கிராமக்சோன். குடித்தால் பிழைப்பது அரிது என்று நம் கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த களைக்கொல்லி. அதே ஆண்டில்தான் ‘மௌன வசந்தம்’. ஒரு நூல், ஒரு களைக்கொல்லி, ஒரு மாத்திரை. பின்னிரண்டும் ஒரே கம்பெனி.

பாராகுவாட்தான் மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்து நடந்ததுதான் விஷயம். 1985 அக்டோபரில் அமெரிக்காவில் ‘மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம்’ தொடங்கப்பட்டபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அய்.சி.அய்.யின் மருந்துப் பிரிவு. 1993இல் அய்.சி.அய்.யிலிருந்து பிரிந்த செனகா, டாமாக்சிஃபெனையும் விற்றது, வேளாண் நஞ்சுகளையும் விற்றது. விழிப்புணர்வு மாதத்தின் முழக்கம் ‘சீக்கிரம் கண்டுபிடி’. ‘எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்கு அந்த மாதத்தில் இடம் இல்லை. கார்சன் கேட்ட கேள்வி அதுதான்.

ரிப்பனின் கதையும் இதேதான். கலிஃபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற மூதாட்டி பீச் நிறத்தில் ரிப்பன் செய்து, அரசின் புற்றுநோய் ஆய்வு நிதியில் தடுப்புக்குப் போவது வெறும் 5 சதவீதம் என்று எழுதிய அட்டையோடு விநியோகித்தார். 1992இல் ஒரு பெண்கள் பத்திரிகையும் அழகுசாதன நிறுவனமும் கைகோக்கக் கூப்பிட்டபோது, இது வியாபாரமாகிவிடும் என்று மறுத்தார். அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். இளஞ்சிவப்பு வந்தது, அட்டை போயிற்று. பார்பரா எஹ்ரன்ரைக் 2001இல் எழுதிய கட்டுரையில், நோயாளிகளை நோக்கி நீட்டப்பட்ட இளஞ்சிவப்புக் கரடிபொம்மைகளையும் ‘மகிழ்ச்சியாக இரு’ என்ற கட்டளையையும் பார்த்து எரிச்சலடைந்தது இதன் தொடர்ச்சி. லார்ட் உடைத்த மௌனத்தின் இடத்தில் சந்தை ஒரு பேச்சை நிரப்பிவிட்டது. அந்தப் பேச்சில் தைரியம் நோயாளியின் கடமை, காரணம் யாருடைய பொறுப்பும் அல்ல.

5

இவ்வளவையும் படித்த நம் தோழர் ஒருவர் என்ன முடிவுக்கு வருவார்? நான் நேரிலேயே பார்த்தேன். என் சித்திக்கு இந்த நோய் வந்து, அறுவை முடிந்து, கரண்டு வைத்து, டாமாக்சிஃபென் எடுத்துக்கொண்டிருந்த சமயம். (எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுக்குக் ‘கரண்டு வைக்கிறது’ என்றுதான் பெயர்.) வீட்டுக்கு வந்த நண்பர், இல்லிச்சையும் ஃபூக்கோவையும் கரைத்துக் குடித்தவர், “இந்த மாத்திரையெல்லாம் கம்பெனிக்காரன் சதிம்மா. நிறுத்திட்டு இயற்கை உணவுக்கு மாறிடுங்க” என்றார். சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும் தம்பி. கம்பெனிக்காரன் கெட்டவன்னா அவனப் போயிக் கேளு. என் மாத்திரைய ஏன் கேக்குற?” என்றார்.

எட்டாம் வகுப்போடு நின்றவர். நம்முடைய பல கோட்பாட்டுக் கட்டுரைகளில் இல்லாத தெளிவு இதில் இருக்கிறது. நிறுவனத்தை விசாரிப்பது வேறு, அதன் சுமையை நோயாளியின் உடம்பில் இறக்கிவைப்பது வேறு. கணக்கையும் பார்ப்போம். ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டிகளில் அய்ந்து வருடம் டாமாக்சிஃபென் எடுத்துக்கொண்டால், முதல் 15 வருடங்களில் இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று, 20 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. மார்பகத்தைக் காத்துக் கட்டியை மட்டும் எடுத்தவர்களிடம், பத்து வருடத்துக்குள் நோய் திரும்புவதைக் கதிர்வீச்சு 35 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக இறக்கியதை அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு பதிவு செய்தது. அதிகாரத்துக்கு எதிரான நம் சொல்லாடல் இந்த எண்களைப் பார்க்க மறுத்தால், அதற்கு விலை கொடுப்பவர்கள் நாமல்ல.

மாத்திரை புனிதமானது என்பதும் அல்ல. கருப்பை உட்படலப் புற்றுநோய், இரத்தக்கட்டு ஆகிய ஆபத்துகள், சிறிய அளவில்தான் என்றாலும், அதற்கு உண்டு. அன்றாடத் தொல்லைகள் வேறு. சித்தி நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். “உள்ளுக்குள்ள அடுப்பு பத்த வச்ச மாதிரி குப்புனு ஏறுது. அப்புறம் வேர்த்து ஊத்துது.” மாதவிலக்கு தாறுமாறாயிற்று, காரணம் தெரியாத கோபம் வந்தது. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் லெட்ரோசோல் போன்ற வேறு வகை மாத்திரைகளில் மூட்டுவலி பிடுங்கும். அய்ந்து வருடம் முடியும் முன்பே நிறுத்திவிடுகிறவர்கள் கணிசம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இவர்களைச் ‘சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவர்கள்’ என்று மருத்துவ மொழி வகைப்படுத்துகிறது. இது சூடு, இது மாத்திரையால் வருவது, இதற்கு இன்னது செய்யலாம், மாற்றுண்டு, தானாக நிறுத்தாதே, இடையில் இரத்தம் பட்டால் உடனே வா என்று அவளுடைய மொழியில் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா என்று அந்த வகைப்பாடு கேட்பதில்லை.

சித்திக்கு யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இருந்த டிஸ்சார்ஜ் தாளில் ஏற்பி பற்றிய வரியை நான் படித்துச் சொன்ன பிறகுதான், பக்கத்துப் படுக்கைக்காரிக்கு இல்லாத மாத்திரை தனக்கு ஏன் என்று அவருக்கு விளங்கியது. அதுவரை ‘எனக்கு ரொம்ப முத்திப்போச்சு, அதான் கூடுதலா மாத்திரை’ என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தெரிந்துகொண்ட பிறகு ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. தைரியம் என்று நாம் சொல்வதில் பாதி, தெரிந்திருப்பதுதான்.

கரண்டு வரிசையில் காத்திருந்த பெண்கள் தங்களுக்குள் ஒரு பேச்சை உருவாக்கி வைத்திருந்தார்கள். “எத்தன ஆச்சு?” “பதினேழு. இன்னும் எட்டு.” ஊர், பேர், சாதி கேட்கும் முன் இந்த எண். மார்பில் மையால் போட்ட கோடுகள் அழியாமல் எப்படிக் குளிப்பது, எந்தத் துணி உறுத்தாது, கருத்துப்போன தோலில் வைத்தியர் சொன்னதைத் தவிர வேறெதையும் தடவக் கூடாது, எந்திரத்தடியில் சில நிமிடம்தான் என்றாலும் அதற்காக எத்தனை மணி பஸ் பிடிக்க வேண்டும், எத்தனை நாள் கூலி போயிற்று, கடைசி வாரங்களில் வருகிற அசதிக்கு ‘சோம்பேறி’ என்று மாமியார் பேர் வைத்தால் என்ன பதில் சொல்வது என்று கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டிருந்த அறிவு அது. எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை.

6

நம் பத்திரிகைகள் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. இன்னொரு கண்ணகிக் கவிதை நமக்கு வேண்டாம். வென்றவர் பேட்டியும் வேண்டாம். பதினேழாம் கரண்டின் நாட்குறிப்பு வேண்டும், மூன்றாம் வருட மாத்திரையின் இரவு வேண்டும். அதை அந்தப் பெண்கள் பேசுகிற பேச்சிலேயே பதிய வேண்டும். நாம் திருத்தி அழகுபடுத்தக் கூடாது. கூடவே, அவர்கள் எந்த வயலில் மருந்தடித்தார்கள், எந்த ஆலையில் எதைக் கையால் தொட்டார்கள் என்பதும் அந்தப் பதிவில் வர வேண்டும். லார்ட் ‘ஸாமி’யில் செய்தது அது.

மருத்துவமனையிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. நோயின் வகை, தரப்படும் கதிரின் அளவு, மாத்திரையின் பெயர், அதன் பக்கவிளைவு ஆகியவை நோயாளியின் கையில் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். மிகச் சாதாரணமான கோரிக்கை. கோட்பாட்டு வெளிச்சம் ஏதும் இதில் இல்லை என்று சிலருக்குத் தோன்றலாம். 1960இல் கார்சனுக்கு மறுக்கப்பட்டது இதுதான். கனெக்டிகட் தொழிற்சாலையில் லார்டுக்கு மறுக்கப்பட்டதும் இதுதான். அவர்கள் இருவரும் எழுத்தாளர்கள் என்பதால் நமக்குத் தெரிய வந்திருக்கிறது. கரண்டு வரிசையில் இருப்பவர்கள் விஷயத்தில் அதைத் தெரியவைக்க வேண்டியது நம் வேலை.